முப்பது மீட்டர் அட்டை

ஜௌபர் கடலுக்கு அடியில் மூச்சுவிடப் பழகியதே மச்சினன் நிஹானின் நச்சரிப்பு தாங்காமல்தான். மாலத்தீவின் மாலே துறைமுகத்தில் சுங்க இலாகாவில் பதினெட்டு வருடமாகப் பெட்டிகளைத் திறந்து பார்த்து மூடுகிற வேலை அவனுக்கு. தீவில் பிறந்து வளர்ந்தவன் என்றாலும் கடல் அவனுக்கு ஃபெரியில் ஏறி இறங்குகிற இடம், அவ்வளவுதான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, நிஹான் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, "எங்கிருந்தோ வெள்ளைக்காரன் வந்து நம்ம மீனை உசுரோட பாத்துட்டுப் போறான் மச்சான். நாம கருவாடாத்தான் பாக்குறோம்" என்றான். அந்த மாதமே இருவரும் சேர்ந்து அடிப்படை முக்குளிப்புப் பயிற்சியை முடித்துத் தகுதி அட்டை வாங்கினார்கள். பதினெட்டு மீட்டர் வரை இறங்கலாம்.

அதன்பிறகு வருடத்துக்கு நாலு தடவை, மிஞ்சினால் ஐந்து. ஜௌபருக்கு அது பிடித்துப்போனது அவனுக்கே ஆச்சரியம். தண்ணீருக்குள் யாரும் பேசுவதில்லை. போன் அடிப்பதில்லை. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு ஆமை புல் மேய்வதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குப் போதும். நிஹானுக்குப் போதாது. ஏசி விற்கிறவன், முப்பத்தாறு வயது, ஒரு குச்சியின் நுனியில் கேமராவை மாட்டிக்கொண்டு, எந்தப் பாறையைப் பார்த்தாலும் அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்க்கிறவன்.

ஹஜ் பெருநாள் விடுமுறைக்கு இருவரும் கெலாஃபுஷி தீவுக்குக் கிளம்பியபோது, ஜௌபரின் மனைவி ஷிபானா ஃபெரித் துறைவரை வந்தாள். நிஹான் அவளுடைய ஒரே தம்பி.

"அவன் கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போகாதீங்க. அஞ்சு வயசுல கூரை மேல ஏறிட்டான். எறங்கத் தெரியல. வாப்பா ஏணி வெச்சு எறக்கினார்."

"அக்கா, அந்தக் கதையை எங்கிட்ட ஏசி வாங்குறவங்களுக்கும் சொல்லிடு" என்றான் நிஹான்.

கெலாஃபுஷியில் வஜீஹ் நடத்துகிற முக்குளிப்புக் கடை, படகுத்துறையை ஒட்டி இருந்தது. வஜீஹ் வெயிலில் செம்பட்டையாகிப் போன தலைமுடிக்காரன். முப்பது வயதிருக்கும். யார் வந்தாலும் பத்து வருடம் பழகியவன் போலத் தோளில் கைபோடுவான். ஜௌபர் வயதில் மூத்தவன் என்பதால் அவனை "பேபே" என்று கூப்பிட்டான்.

மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் உறையிட்ட தாளைத் தள்ளினான். அதில் வரிசையாகப் பயிற்சிகளின் பெயர்கள்.

"பேபே, உங்க கையில இருக்கிறது பதினெட்டு மீட்டர் கார்டு. அதை வெச்சுக்கிட்டு இங்க உங்களால பாக்க முடிஞ்சது கரையோரத்துப் பாறைதான். ஃபெஹி கண்டு போகணும்னா அடுத்த கார்டு வேணும். அட்வான்ஸ். ரெண்டு நாள், அஞ்சு டைவ். பரீட்சை கிடையாது. முடிச்சா முப்பது மீட்டர். மூணாம் நாள் காலையில நேரா கண்டுக்குப் போறோம். சுறா முப்பது நாப்பது வரிசையா நிக்கும்."

ஃபெஹி கண்டு, தீவுக்கு வடக்கே இரண்டு பவளத்திட்டுகளுக்கு நடுவே ஓடுகிற கால்வாய். திறந்த கடலின் தண்ணீர், திட்டுகளுக்கு உள்ளே அடங்கிய கடல் ஏரிக்குள் வருவதும் போவதும் அந்த வழியாகத்தான்.

"வருஷத்துக்கு நாலு தடவை எறங்குறவனுக்கு எதுக்குப்பா இத்தனை பெரிய கார்டு?" என்று கேட்டான் ஜௌபர்.

"நாலு தடவையும் அதே ஆமையைத்தானே மச்சான் பாக்குறீங்க. அது உங்களைப் பாத்தாலே சலிச்சுக்குது" என்றான் நிஹான்.

வஜீஹ் சிரித்தான். கடையின் பின்பக்கம், சிலிண்டரில் காற்றடித்துக்கொண்டிருந்த பெண் சிரிக்கவில்லை. அவள் பெயர் லூபா. வஜீஹிடம் வேலை பார்க்கிற இன்னொரு பயிற்சியாளர். வஜீஹ் போன் பேச வெளியே போனதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பேபே, தண்ணிக்குள்ள இருந்து மிதவையை ஊதி மேல விட்டிருக்கீங்களா?"

"படிக்கும்போது ஒரு தடவை."

"நீரோட்டத்துல?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு வேண்டியது ஆழம் இல்ல. இதே பதினெட்டுக்குள்ள இன்னும் இருபது தடவை எறங்குங்க. நீரோட்டத்துக்குன்னே தனியா ஒரு கோர்ஸ் இருக்கு. நான் சொல்லித் தரேன். முடிச்சாலும் யாருக்கும் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஆனா வீட்டுக்குப் போகலாம்."

"அக்கா, சுறா முப்பதுல நிக்குது. நம்மளைப் பாக்க அது பதினெட்டுக்கு ஏறி வருமா?" என்றான் நிஹான்.

"வரும். வராட்டியும் குடி ஒண்ணும் முழுகிடாது."

ஜௌபருக்கு அவள் சொன்னது மனதில் பட்டது. அன்று மாலை தேநீரும் மீன் பஜியாவும் தின்றுகொண்டிருந்தபோது சொல்லியும் பார்த்தான். நிஹான் காதில் வாங்கவே இல்லை. "நீங்க அந்தக் கோர்ஸ் எடுங்க. நான் அட்வான்ஸ் எடுக்கிறேன். கண்டுக்கு வேற யாரோடயாவது எறங்கிக்கிறேன்" என்றான்.

வேற யாரோடயாவது. அந்த இடத்தில்தான் ஜௌபர் சறுக்கினான். தண்ணீருக்குள் இரண்டு பேர் ஒரு சோடி. ஒருவனுக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவன் கொடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவனோடு நிஹான் இறங்குவதைவிடத் தான் கூட இருப்பது மேல் என்று நினைத்தான். மறுநாள் காலை இருவரும் அட்வான்ஸ் படிவத்தை நிரப்பினார்கள்.

முதல்நாள் ஒழுங்காகத்தான் போயிற்று. திசைமானியை வைத்துக்கொண்டு பவளத்திட்டின் ஓரமாக ஒரு சதுரம் போட்டுத் திரும்பினார்கள். மதியம் நடுநீரில் அசையாமல் மிதக்கப் பழகினார்கள். சாயங்காலம் மேற்கிலிருந்து காற்றுக் கிளம்பியது. தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மறுநாள் ஏரிக்குள்ளேயே தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி இருந்தது. ஆழ டைவுக்கு என்று போனவர்கள் இருபத்திரண்டு மீட்டரில் நின்றார்கள். கீழே எதுவும் தெரியாததால் வஜீஹ் கட்டைவிரலை உயர்த்தி மேலே வரச் சொல்லிவிட்டான். நான்காவது பாதியில் நின்றது. ஐந்தாவதற்குத் தோணியே கிளம்பவில்லை.

கடைக்குள் ஈரத் துண்டோடு உட்கார்ந்து வஜீஹ் பதிவேட்டை நிரப்பினான். ஆழ டைவுக்கு நேரே இருபத்தொன்பது என்று எழுதினான். நடக்காத ஐந்தாவதற்கு ஒரு நேரமும் ஒரு இடமும் எழுதினான்.

"இருபத்திரண்டுதானே போனோம்?" என்றான் ஜௌபர்.

"ஏழு மீட்டர் பேபே. ஒரு தென்னை மரத்துல பாதி. காத்து அடிச்சதுக்கு நீங்களா பொறுப்பு? உங்களுக்குத் திறமை இருக்கு, நான் பாத்தேன். இதெல்லாம் காகிதம்."

இல்லாத சரக்கு காகிதத்தில் இருந்தால் மாலே துறைமுகத்தில் முதலில் மோப்பம் பிடிக்கிறவன் ஜௌபர்தான். அந்த மோப்பம் இப்போதும் வந்தது. நிஹான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தான். பெருநாள் முகத்தோடு நின்றவனிடம் என்ன சொல்ல? ஜௌபர் வாங்கிப் போட்டான்.

தேநீர் ஆறுவதற்குள் இருவர் போனுக்கும் அட்டை வந்துவிட்டது. நிஹான் தன்னுடையதை அக்காவுக்கு அனுப்பினான். அவளிடமிருந்து ஒரே சொல்தான் பதில்: எதுக்கு?

மூன்றாம் நாள் காலை காற்று நின்றிருந்தது. கடல் எண்ணெய் பூசினது மாதிரி வழுவழுப்பாக இருந்தது. ஆனால் கால்வாய் முகப்பில், அலையே இல்லாத அந்தத் தண்ணீரின் மேல், வட்ட வட்டமாகச் சுழிகள் எழுந்து எழுந்து அடங்கின. தோணியை ஓட்டிவந்த இத்ரீஸ் எஞ்சினைக் குறைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தொட்ட மனிதர்.

"இந்நேரம் தண்ணி உள்ள வரணும். இன்னும் வெளியத்தான் போகுது" என்றார்.

வஜீஹ் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குதித்து, ஏணியைப் பிடித்தபடி கீழே பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான். "மேல கொஞ்சம் இழுக்குது. கீழ சாந்தமாத்தான் இருக்கும்."

"கீழ நான் போனதில்ல. மேல எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பொறு."

"ஒரு மணி நேரம் பொறுத்தா மதியத்து ஆளுங்களை யாரு கூட்டிட்டுப் போறது? கால்வாய் முனையைத் தாண்ட மாட்டோம். பாறையைப் பிடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் பாத்துட்டு ஏறிடுவோம்."

இத்ரீஸ் வேறு பக்கம் திரும்பிக் கடலில் துப்பினார். தோணி அவருடையது, இறக்குவதும் ஏற்றுவதும் வஜீஹ் பொறுப்பு.

அன்று தோணியிலேயே இருந்து மேலே கண்காணிக்கிற வேலை லூபாவுக்கு. ஜௌபரின் தோள்வாரை இறுக்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்க குமிழியைப் பாத்துக்கிட்டே இருங்க. அது மேல போகாம உங்களையே சுத்தினா, தண்ணி கீழ கொட்டுதுன்னு அர்த்தம். உடனே சுவரைப் பிடிங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

"நிஹான்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சரிக்கான்னான். கேமராவைத் துடைச்சுக்கிட்டே சொன்னான்."

நிஹான் தோணி விளிம்பில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். "மச்சான், உங்களைப் பாத்தா சுறா ஒதுங்கிடும். சுங்க அதிகாரி வர்றார், பல்லைக் காட்டாதீங்கடான்னு சொல்லிக்கும்."

"வாயை மூடிட்டுக் குழாயைக் கவ்வுடா."

அதுதான் பழைய நிஹானிடம் ஜௌபர் கடைசியாகச் சொன்னது.

மூவரும் ஒன்றாக மல்லாந்து விழுந்து தலைகீழாக இறங்கினார்கள். நீலம். ஒலி அடைத்துக்கொண்டது. பத்து மீட்டரில் கால்வாயின் சுவர் பக்கவாட்டில் ஓடத் தொடங்கியது. சாலையோரத்து வீடுகள் பேருந்தில் பின்னால் போவது மாதிரி, பவளங்கள் அவனைக் கடந்து போயின. அவன் காலைக்கூட அசைக்கவில்லை. வஜீஹ் முன்னால், நிஹான் நடுவில், ஜௌபர் கடைசியில். மணிக்கட்டுக் கருவியில் பதினைந்து, பதினாறு.

அப்போதுதான் மீன்களைப் பார்த்தான். சுவரோரத்தில் சிறு மீன்கள், நூற்றுக்கணக்கில். எல்லாம் தலையை மேலே வைத்து, நிமிர்ந்து நின்று, வாலைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அத்தனை அடித்தும் ஒன்றுகூட மேலே ஏறவில்லை. நின்ற இடத்திலேயே நின்றன.

ஜௌபர் மூச்சை விட்டான். குமிழிகள் முகத்துக்கு முன்னால் வந்தன, தயங்கின, பிறகு மெல்ல அவன் மார்பைத் தாண்டிக் கீழே போயின.

கை தானாக நீண்டு சுவரில் ஒரு பொந்தைப் பற்றியது. உடம்பு கொடியில் போட்ட துணி மாதிரிக் கீழ்நோக்கித் தொங்கியது. பத்தொன்பது மீட்டர். மாஸ்க் முகத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இன்னொரு கையால் அதை அழுத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

வஜீஹ் சற்றுத் தள்ளி ஒரு பாறையை இரண்டு கையாலும் பிடித்தபடி, பிடி, பிடி என்று தலையை ஆட்டி நிஹானுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நிஹான் ஒரு கையால்தான் பிடித்திருந்தான். மறுகையில் கேமராக் குச்சி. கீழே, முனைக்கு அப்பால் இருட்டிக் கிடந்த நீலத்தில், சாம்பல் நிறத்தில் சுறாக்கள் வரிசையாக, அசையாமல் நின்றன. வஜீஹ் சொன்னது பொய்யில்லை. முப்பதுக்கு மேலேயே இருக்கும்.

நிஹான் பிடித்திருந்த பவளம் உடைந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவன் உருண்டு, நிமிர்ந்து, ஜௌபரைப் பார்த்தான். ஒரு ஆள் உயரம்தான் இடைவெளி. கேமராவை விட்டுவிட்டுக் கையை நீட்டினான். மாஸ்க்குக்குள் கண்கள் அகன்று, சிறுபிள்ளை மாதிரி இருந்தன. பாறையை விட்டால் எட்டிப் பிடித்துவிடலாம். பிடித்தபின் இருவருக்கும் பிடிக்க எதுவும் இருக்காது.

ஜௌபர் விடவில்லை.

யோசித்து எடுத்த முடிவா, விரல்கள் தாமாகச் செய்ததா என்று பின்னால் எத்தனையோ முறை தன்னைக் கேட்டுக்கொண்டான். அந்தக் கணத்தில் கேள்வி எதுவும் இருக்கவில்லை. நிஹான் முனையின் விளிம்பைத் தாண்டி, அருவியில் விழுகிறவன் போலக் கீழே போனான். மஞ்சள் துடுப்புகள் கொஞ்ச நேரம் தெரிந்தன. வஜீஹ் ஒரு கணம் ஜௌபரைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாறையை விட்டான். தலைகுப்புறப் பாய்ந்து நிஹானின் பின்னால் அவனும் இருட்டுக்குள் போனான்.

சுறாக்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

ஜௌபர் சுவரில் கை மாற்றிக் கை மாற்றி ஏறினான். விரல் நுனிகள் கிழிந்தன. அந்த ஆழத்தில் சிவப்பு தெரியாமல், பச்சை நிறத்தில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, ஐந்து மீட்டரில் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நின்றான். மிதவையை ஊத முயன்றான். கயிறு காலில் சுற்றிக்கொண்டது. அவிழ்த்துக் கீழே விட்டுவிட்டான். தண்ணீருக்கு மேலே தலை வந்தபோது தோணி எள் அளவாகத் தெரிந்தது. கத்தினான். குரல் அதுவரை எட்டவில்லை. கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். இருபது நிமிடம் கழித்து முன்முனையில் நின்ற லூபாதான் அவனைக் கண்டாள்.

தூக்கிப் போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மீட்டர்ல விட்டீங்க?"

"பத்தொன்பது. கீழ போயிட்டான். வஜீஹ் பின்னாலயே போனான்."

இத்ரீஸ் அப்போதே வானொலியை எடுத்துக் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வஜீஹை அரைமணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அவன் மிதவை நிமிர்ந்து நின்றது. மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து உதட்டில் காய்ந்திருந்தது. தோணிக்குள் குப்புற விழுந்து, பேச்சு வருகிறவரை இருமினான். "நாப்பத்தெட்டுல பிடிச்சேன். அவன் ஜாக்கெட்டுல காத்தை அடிச்சேன். மேல வந்துக்கிட்டு இருந்தோம். இருபதுல பிச்சுக்கிட்டுப் போயிட்டான். மேலயா கீழயான்னு தெரியல பேபே. குமிழிதான் இருந்துச்சு."

தோணி நீரோட்டத்தோடு வெளிக்கடலை நோக்கிப் போயிற்று. நான்கு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறியது. மினுங்குகிற ஒவ்வொரு அலையும் ஒரு தலையாகத் தெரிந்து அலையாகப் போனது. காவல்படையின் இரண்டு படகுகள் வந்தன. எரிபொருளுக்காக ஒருமுறை கரைப்பக்கம் திரும்பியபோது ஜௌபரின் போனுக்கு உயிர் வந்து, ஷிபானாவின் செய்தி வந்து விழுந்தது. சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரெண்டு பேரும். லூபா போனை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "இப்ப எதுவும் எழுதாதீங்க. இன்னும் எதுவும் தெரியாது."

மாலை நாலரை மணிக்கு, சூரை பிடித்துவிட்டுத் திரும்பிய ஒரு மீன்படகு, பதினொரு கடல்மைல் வெளியே பறவைக்கூட்டம் வட்டமிடுவதைப் பார்த்து மீன் என்று நினைத்துக் கிட்டே போயிற்று. மீன் இல்லை, நிஹான். ஊதிய ஜாக்கெட்டில் முகம் மேலே பார்க்கக் கிடந்தான். உதடெல்லாம் உப்பு வெடித்திருந்தது. உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை என்றான். இருக்கிறது, நாங்கள் பார்க்கிறோம் என்று மீனவர்கள் சொல்லச் சொல்ல, இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தானாம்.

அழுத்த அறை இருந்த இன்னொரு தீவுக்கு விசைப்படகில் கொண்டுபோனார்கள். பெரிய எண்ணெய்ப் பீப்பாய் மாதிரி ஒரு இரும்பு அறை. அதற்குள் படுக்கவைத்து, ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதால் ரத்தத்தில் நுரைத்த வாயுவைக் கரைக்கிற வைத்தியம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், ஒன்பது நாள்.

ஷிபானா மறுநாள் வந்தாள். இரும்பு அறையின் வட்டக் கண்ணாடி வழியாகத் தம்பியைப் பார்த்தாள். அழவில்லை. ஜௌபரை வெளியே அழைத்துப்போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்தாள்.

"அவன் கையை நீட்டினானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீட்டினான்" என்றான்.

"நீங்க?"

"பாறையைப் பிடிச்சிருந்தேன்."

அவள் கடல் பக்கம் திரும்பினாள். பிறகு, "நல்லது" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவனுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

விசாரணை வந்தது. அதிகாரி தேதி குறித்துவிட்டுப் போன அன்று, வஜீஹ் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்தான். இன்னும் மூக்கைச் சுற்றிக் கருநீலமாக இருந்தது. தோளில் கைபோடவில்லை.

"பேபே, ரெண்டு பேருக்கும் முப்பது மீட்டர் தகுதி இருந்துச்சு, நீரோட்டம் திடீர்னு மாறிடுச்சு. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்கேன். பதிவேட்டுல உங்க கையெழுத்தும் இருக்கு. நாம மூணு பேரும் ஒரே தோணியிலதான் இருக்கோம்." குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்வது மாதிரிச் சொன்னான்.

அதைவிட நிஹான் சொன்னதுதான் ஜௌபரைக் குத்தியது. கால்விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்த நாள் அது. கட்டிலில் சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி பேசினான்.

"விட்டுடுங்க மச்சான். அவனை மாட்டிவிடாதீங்க."

"அவன் எழுதினது பொய்டா. நாம அந்த ஆழத்துக்குப் போனதே இல்ல."

"தெரியும். நானும்தானே போட்டேன் கையெழுத்து. ஆனா நாப்பத்தெட்டுக்கு என்னைத் தேடி வந்தது யாரு? அவன் வரலேன்னா நான் இன்னும் கீழ போய்க்கிட்டே இருந்திருப்பேன்." ஜௌபர் பக்கம் திரும்பினான். "நீங்க வரல."

இரண்டும் உண்மை. பொய்யை எழுதியவனும் வஜீஹ்தான், உயிரைப் பணயம் வைத்துப் பாய்ந்தவனும் அவன்தான். கூடவே இருந்து பார்த்துக்கொள்வேன் என்று அட்டை வாங்கியவன் தானே என்பது மூன்றாவது உண்மை.

விசாரணை அறையில் அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, இருபத்தொன்பது என்ற எண்ணில் விரலை வைத்து, "இது சரிதானா?" என்று கேட்டார். ஜௌபர் தன் வேலையில் அந்தக் கேள்வியை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறான். எதிரே இருப்பவனின் கண் எந்தப் பக்கம் ஓடும் என்பது அவனுக்குத் தெரியும்.

"இல்ல. இருபத்திரண்டு. அஞ்சாவது டைவ் நடக்கவே இல்ல. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் இன்னொண்ணும் எழுதிக்கங்க. என் மச்சினனைக் காப்பாத்தினது வஜீஹ்தான்" என்றான்.

எழுதிக்கொண்டார். வஜீஹுக்கு ஒரு வருடம் கற்றுக்கொடுக்கத் தடை. ஜௌபருக்கு அவன் இலாகாவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிஹான் இரண்டு மாதத்தில் ஊன்றுகோலோடு நடந்தான். இடது கால் இழுத்துக்கொண்டே வந்தது. பேச்சை நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க வருவான்; ஜௌபர் கூடத்துக்கு வந்தால் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான். ஷிபானா இருவருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டாள்.

ஜௌபர் அட்டை கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினான். நான் இந்தத் தகுதியைப் பெறவில்லை, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பயிற்சியாளர் சமர்ப்பித்த பதிவை மாணவர் கோரிக்கையின்மேல் நீக்க வழியில்லை, இந்த அட்டை காலாவதியாவதில்லை, மகிழ்ச்சியாக முக்குளியுங்கள்.

மறு வருடம் லூபா வேறொரு தீவில் சிறியதாக ஒரு கடை போட்டிருந்தாள். ஜௌபர் அவளுக்குப் போன் செய்து, முதலில் சொன்ன நீரோட்டப் பயிற்சி இன்னும் உண்டா என்று கேட்டான். "வாங்க. ஆனா முதல் நாள் முழுக்க இடுப்பளவு தண்ணியிலதான்" என்றாள். அந்த வியாழக்கிழமை மதிய ஃபெரிக்குப் பையோடு போய் நின்றபோது, துறையின் பெஞ்சில் நிஹான் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா சொன்னா, மறுபடியும் போறீங்கன்னு."

பத்து மாதத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை. ஜௌபர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆழமா இல்ல. சும்மா பழகிக்க."

"வஜீஹ் வந்தான் வீட்டுக்கு. தடை முடியுது. அடுத்த மாசம் திரும்பக் கடை திறக்கிறான்."

"சரி."

"வர்றியான்னு கேட்டான். டாக்டர் இனிமே எறங்கவே கூடாதுன்னுட்டார்னு சொன்னேன்." நிஹான் ஊன்றுகோலின் நுனியால் தரையிலிருந்த வெற்றிலைக் கறையைச் சுரண்டினான். "டாக்டர் இருந்துட்டுப் போறார், உங்கிட்டதான் கார்டு இருக்கேங்கிறான்."

ஃபெரியின் எஞ்சின் உறுமியது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

"நீ என்ன சொன்ன?"

நிஹான் தண்ணீரைப் பார்த்தான். துறைச் சுவரில் அலை மோதி, எண்ணெய் வண்ணம் காட்டி, விலகியது. "தினமும் அதைத்தான் பாக்குறேன் மச்சான். கண்ணை மூடினா அந்தச் சுறாங்க நிக்குது. நான் சரியாப் பாக்கல. ஒரு தடவை சரியாப் பாத்துட்டா விட்டுடும்னு தோணுது." எழுந்தான். "ரெண்டு நாள்ல போயிட்டு வந்துடுவேன். அக்காகிட்ட சொல்லாதீங்க."

கயிற்றை அவிழ்த்தவன், ஏறுறீங்களா இல்லையா என்று ஜௌபரைப் பார்த்துக் கத்தினான். ஜௌபர் ஏறவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து ஷிபானாவின் எண்ணை அழுத்தினான்.

நிஹானுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. முகம் சுருங்கியது. "காட்டிக்குடுக்கத்தான் பொறந்திருக்கீங்க நீங்க. வேற ஒண்ணும் தெரியாது உங்களுக்கு." திரும்பி, காலை இழுத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் நடந்தான்.

"என்னங்க, ஏறலையா?" என்றாள் ஷிபானா போனில்.

"இல்ல. வீட்டுக்கு வரேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், கேளு" என்று ஜௌபர் தொடங்கினான். மச்சினனின் நீலச் சட்டை மீன்சந்தைத் திருப்பத்தில் மறைகிறவரை அவன் கண்ணை எடுக்கவில்லை.